மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடுவில் ஒரு விசில்

"ஏனுங்க, கம்பளி வெச்சிருக்கறனுங்க. பயப்படாமப் போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. அந்த 'பயப்படாம' மட்டும் இல்லாதிருந்தால் நான் பயப்படாமலேயே பஸ் ஏறியிருப்பேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். நாற்பத்தெட்டு வயது, நல்ல மீசை, உரத்த குரல். இந்த மூன்றையும் பார்த்து ஊரில் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாய், இடி, ஊசி, தலைமையாசிரியர், கூடிநிற்கும் ஜனம், இத்தனைக்கும் எனக்குப் பயம் என்பது மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த குடும்ப ரகசியம். எப்போதோ கோயமுத்தூரில் பத்து நாள் முகாமுக்குப் போய் சாஃப்ட்பால் அம்பயர் சான்றிதழ் ஒன்று வாங்கி வந்திருந்தேன். முகாமில் மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றார்கள், போனேன். அந்தச் சாப்பாட்டுக்கான தண்டனை எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் தபாலில் வந்தது.

மூணாறுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட். பெயரைச் சொல்ல மாட்டேன், இன்னும் கொஞ்ச காலம் வாழ ஆசை இருக்கிறது. அங்கே மேல், கீழ் என்று இரண்டு டிவிஷன் பெண்களுக்குள் சாஃப்ட்பால் போட்டியாம். அம்பயர் தேவை, 'வெளியூர்க்காரராக இருப்பது நலம்' என்று மேனேஜர் எழுதியிருந்தார். தலைமையாசிரியர் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். யாருடைய நலம் என்று கடிதத்தில் இல்லை.

சின்னாறு தாண்டி பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு யானை, எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, நான் ஸீட்டுக்கு அடியில் இருந்தேன். "என்ன தேடுகிறீர்கள்?" என்று கண்டக்டர் மலையாளத்தில் காதோடு கேட்டார். செருப்பு என்றேன். "இரண்டு காலிலும் இருக்கிறதே" என்றார்.

உண்மையில் என் மடியிலிருந்து விழுந்த விதிப் புத்தகமும் அங்கேதான் கிடந்தது. வழியெல்லாம் இரண்டே இரண்டு பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்று குறுக்கீடு, மற்றது மறிப்பு. அடித்த பந்தை எடுக்கக் குனிகிறவளுக்குக் குறுக்கே ஓடுகிறவள் விழுந்தால் அது குறுக்கீடு. ஓடுகிறவள் அவுட், ஆட்டத்தை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். கையில் பந்தும் இல்லாமல், அடித்த பந்தை எடுக்கும் வேலையும் இல்லாமல் ஒருத்தி ஓட்டக்காரியின் வழியில் நின்றால் அது மறிப்பு. அதற்கு ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, ஓட்டம் முடியும்வரை காத்திருந்து, பிறகு நியாயம் சொல்ல வேண்டும். காகிதத்தில் ரொம்ப எளிது. பயம் வந்தால் எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், ரசமும் பாயசமும் ஒரே இலையில் ஓடிக் கலப்பதைப் போல.

யானையிடம் பந்து இல்லை. எங்கள் வழியை மறித்துத்தான் நின்றது. ஆனாலும் இடது கையை நீட்ட நான் தயாராயில்லை. கால் மணி கழித்து அதுவாகவே போயிற்று.

மூணாறிலிருந்து ஜீப். ஓட்டியவர் பௌலோஸ். உள்ளே பதின்மூன்று பேர், நாலு டின் மண்ணெண்ணெய், வட்டவடைக்குப் போகும் உப்பு மூட்டைகள். என் ஒரு கால் வண்டிக்குள்ளும் ஒரு கால் கேரள மாநிலத்தின் மேலும் தொங்கியது. எங்கள் ஊரில் நிலம் கைவிரித்த மாதிரி கிடக்கும், விழுந்தாலும் நின்ற இடத்திலேயேதான் விழ வேண்டும். இங்கே விழுந்தால் அடுத்த தாலுகாவில்தான் எடுப்பார்கள். மாட்டுப்பட்டி அணையை எல்லோரும் காட்டினார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

"அம்பயரா?" என்றார் பௌலோஸ், திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ரோட்டைப் பார்க்காமல். "போன வருஷத்து ஆள் பாவம்."

"என்னுங்க ஆச்சு அவருக்கு?"

பௌலோஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னாலிருந்த உப்பு வியாபாரி, அந்த ஆளுக்கு இப்போது பேச்சு வருவதில்லை என்றார். பக்கத்திலிருந்தவர், பேச்சு வருகிறது, பேசத்தான் ஆள் இல்லை என்றார்.

மேனேஜர் துரையின் பங்களாவில் விருந்தினர் அறைக்கு அந்த வாரம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என்னைக் கீழ் டிவிஷனில் கங்காணி தங்கையா வீட்டில் இறக்கிவிட்டார்கள். அப்பன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசியில் இரண்டு அறை வீடு, சுவரில் மாதா படம், அதன் கீழே, வீட்டுத் தளத்தில் நின்று பந்து பிடிக்கிற கேட்சரின் கையுறை ஒன்று ஆணியில் தொங்கியது.

"வாங்க சார், வாங்க. களச்சுப் போயிருப்பீய. ஏம்மா செல்வராணி, சாருக்குக் கட்டன்சாயா போடு."

செல்வராணி அவருடைய மருமகள். முப்பது வயது இருக்கும். பால் விடாத சாயா டம்ளரை வைத்துவிட்டு, "சக்கர தூக்கலாப் போட்டிருக்கேன் சார். ஞாயித்துக்கெழம வரைக்கும் நாக்குல நிக்கணும்" என்றாள்.

"எதுக்குங்க?"

"நாந்தான் கீழ் டிவிஷன் கேட்ச்சரு."

தங்கையா விவரம் சொன்னார். ஊருக்கே தண்ணீர் இரண்டு டிவிஷனுக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஓர் ஊற்றிலிருந்துதான். மேலேயிருந்து அவர்கள் இறங்க வேண்டும், கீழேயிருந்து இவர்கள் ஏற வேண்டும். காலையில் இலை பறிக்கப் போவதற்கு முன்னால் மூன்று நடை, சாயங்காலம் திரும்பி மூன்று நடை. "கம்பனி பைப்பு எறக்கியிருக்கு சார். ஒரு டிவிஷனுக்குத்தான் பத்தும். எங்களுக்குத்தான், எங்களுக்குத்தான்னு ரெண்டு பக்கமும் ஆபீஸ் முன்னால போயி நின்னோம். துரை பாத்தாரு. பொம்பளைய பந்து வெளாடுதாங்கல்லா, செயிச்ச டிவிஷனுக்கு மொதல்லன்னுட்டாரு."

"தோத்தவங்களுக்கு?"

"அடுத்த வருசம். அது எந்த வருசம்னு கம்பனிக்குத்தான் தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் ஏதோ கோப்பைக்கும் கைதட்டலுக்கும் விசில் ஊதப் போகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! அறுபது எழுபது வீடுகளின் தண்ணீர் என் வாயில் தொங்கும் விசிலில் இருக்கிறது. துரை தன் தலைவலியைக் கழற்றி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தலையை வரவழைத்து அதில் மாட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. எங்கள் ஊரில் மாசியில் கிணற்றுத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே முகம் கழுவியதும் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வேகவைத்த கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் கொடுத்தாள் செல்வராணி. நாலு துண்டு தின்றேன். அது எப்படியோ ஒன்பது மணிக்குள் மேல் டிவிஷனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே போனதும் அந்த அணியின் கேப்டன் ஆரோக்கியம், நாற்பது வயதில் கல்தூண் மாதிரி ஒரு பெண், தட்டில் நாலு துண்டு கிழங்கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நா இப்பத்தானுங்க சாப்பிட்டேன்."

"தெரியும் சார். நாலு. இந்தா நாலு. அங்கிட்டு மட்டும் சாப்பிட்டா அப்பறம் பேச்சு வரும்ல?"

சாப்பிட்டேன். மத்தியானம் கீழே கருவாட்டுக் குழம்பு, மேலே கருவாட்டுக் குழம்பு. கீழே இரண்டு கட்டன்சாயா, மேலே இரண்டு. நடுநிலைமை இத்தனை வயிற்றுவலி தரும் என்று கோயமுத்தூரில் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வயிற்றோடு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் போன வருஷத்து அம்பயர் உயிரோடிருப்பது தெரிந்தது. கம்பவுண்டர்தான் அவர். மெலிந்த மனிதர், கதவைப் பாதி திறந்து யார் என்று பார்த்துவிட்டுத்தான் மீதியைத் திறந்தார்.

"ஐப்பசி மழை சார். ஆறாவது சுற்றில் கொட்டிவிட்டது. சமம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். பைப் யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது. அது இன்னும் ஃபாக்டரி ஷெட்டில் கிடக்கிறது. ஒரு பக்கம் தோற்றிருந்தால் ஒரு பக்கம்தான் என்னோடு பேசாது. இப்போது இரண்டு பக்கமும். காய்ச்சல் வந்தால் மூணாறுக்கு நடந்து போகிறார்கள், என் கையால் மாத்திரை வாங்குவதில்லை."

மழை வந்தால் தப்பிக்கலாம் என்று நானும் உள்ளுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதற்காகத்தான் இந்த வருஷம் மாசியில் வைத்திருக்கிறார்கள் என்றார் கம்பவுண்டர். வயிற்றுக்கு ஒரு மருந்து கொடுத்தார். நான் கேட்காமலேயே ஒரு சுருள் பேண்டேஜும் டிங்ச்சர் புட்டியும் பொட்டலம் கட்டிக் கையில் வைத்து, "முன்கூட்டியே இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் இரண்டு அணியையும் மைதானத்தில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னேன். மைதானம் என்றால் மலைக்காரர்களின் மைதானம். மூன்றாம் தளத்திலிருந்து வீட்டுத் தளம்வரை லேசான இறக்கம். தளங்கள் மரத்தூள் அடைத்த சாக்குகள், வீட்டுத் தளம் தேயிலைப் பெட்டியின் மூடிப் பலகை. பந்தை அடித்தவள் மூன்று சாக்கையும் சுற்றிப் பலகைக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். சில வருஷங்களுக்கு முன் இங்கே வேலை பார்த்த ஒரு டீச்சர் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. டீச்சர் மாற்றலாகிப் போனார், ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது. நாளெல்லாம் இலை பறிக்கிற விரல்கள், பந்து அவர்கள் கைக்குள் போவதை நான் பார்க்கவில்லை, போன பிறகுதான் பார்த்தேன்.

குறுக்கீட்டைச் சொன்னேன். மறிப்பைச் சொன்னேன். தங்கையா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடிச்சாத்தான சார் மறிப்பு?"

இடிக்கவே வேண்டாம், வழியில் நின்று ஓட்டத்தைக் கெடுத்தாலே போதும் என்பதுதான் விதி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்தைந்து பெண்களும் அவர்களுக்குப் பின்னால் அத்தனை ஆண்களும் என்னையே பார்த்தார்கள். "பெரும்பாலுமுங்க" என்று வந்தது வாயிலிருந்து. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து மணி பதினொன்றுக்கு ஆட்டம். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விறகு வெட்டப் போன ஆண்கள் அப்படியே வந்துவிட்டதால் பாதிப் பேர் இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தது. நெஞ்சுக் கவசம் கிடையாது. மனைவி வைத்துவிட்ட கம்பளியை நாலாக மடித்துச் சட்டைக்குள் கட்டிக்கொண்டேன். பந்துக்காக என்று சொன்னேன். பந்துக்காக மட்டுமல்ல.

அம்பயர் நிற்க வேண்டியது கேட்சருக்குப் பின்னால். அதாவது எனக்குச் சோறு போடுகிறவளின் முதுகுக்குப் பின்னால். பந்து வந்து விழும்போதெல்லாம், அது ஸ்டிரைக் என்கிற நல்ல வீச்சா, பால் என்கிற தப்பு வீச்சா என்று நான் யோசிக்கும்முன், செல்வராணி திரும்பாமலேயே பேசினாள். "ஸ்டிரைக்குல்லா சார்?" "ஆமாங்க." "இது?" "பாலுங்க." "நல்லாப் பாத்தியளா?" "பாத்தனுங்க." "ராத்திரி சோறு வேணும்லா?"

மூன்றாவது சுற்றில் ஆரோக்கியம் இரண்டாம் தளத்தை நோக்கி ஓடினாள். உருண்டு வந்த பந்தை எடுக்க ஒரு கீழ் டிவிஷன் பெண் குனிந்தாள். ஆரோக்கியம் நேராகப் போய் அவளை அள்ளிக்கொண்டு விழுந்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். குறுக்கீடு, அவுட் என்றேன். விசில் வாய்க்குள்ளேயே இருந்ததால் தீர்ப்பு ஒரு பறவை கத்துவதைப் போல வந்தது.

ஆரோக்கியம் எழுந்து மண்ணைத் தட்டினாள். "அவ குறுக்க குனிஞ்சா நா எங்கிட்டுப் போறது சார்? ஆகாசத்துலயா?"

"சுத்திப் போகோணுமுங்க."

"சுத்திப் போனா மூணாறு வந்துரும்."

மேல் டிவிஷன் கத்தியது. ஆனால் இடித்ததை எல்லோரும் பார்த்திருந்ததால் கத்தல் ஒரு மழையைப் போல ஓய்ந்தது. கீழ் டிவிஷன் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு டம்ளர் சாயா வந்தது. உடனே மேலேயிருந்தும் ஒன்று. அதில் சர்க்கரையே இல்லை.

ஏழாவது சுற்று. கடைசி. இரண்டு பக்கமும் ஆறு ஆறு ஓட்டம். மேல் டிவிஷன் அடிக்கிறது, இரண்டு பேர் அவுட், இரண்டாம் தளத்தில் புஷ்பம் என்றொரு பெண் நிற்கிறாள். இருபது வயதுதான் இருக்கும், மான் மாதிரி ஓடுவாள். இவள் வீட்டுத் தளம் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, மேல் டிவிஷனுக்குப் பைப். 'யாராவது தெளிவாக அவுட் ஆகிவிடுங்கள் தாயே, அல்லது மைதானத்துக்கு வெளியே அடித்துவிடுங்கள்' என்று நான் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அல்ல, சந்தேகமில்லாத ஒரு முடிவு. அதைச் சாமிகள் டிரில் மாஸ்டர்களுக்குக் கொடுப்பதில்லை.

பந்து இடது பக்கம் பறந்து தேயிலைச் செடியோரம் விழுந்தது. புஷ்பம் மூன்றாம் தளத்தை மிதித்து இறக்கத்தில் இறங்கிவிட்டாள். தூரத்திலிருந்து பந்தை எறிந்தார்கள், நடுவிலிருந்தவள் வாங்கி மறுபடி எறியத் திரும்பினாள். அந்த நேரத்தில் செல்வராணி, தளத்திலிருந்து நாலடி முன்னேறி, ஓட்டப் பாதையின் மேலேயே நின்று பந்துக்காகக் காத்திருந்தாள். கையுறை போட்ட கை இடுப்பில் அணைத்தாற்போல் இருந்தது.

புஷ்பம் வந்த வேகத்துக்கு அவளை இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். இடிக்கவில்லை. சட்டென்று நின்றாள். பாதையை விட்டு இறங்கிப் புல்லில் ஒதுங்கினாள். மரியாதையாக, ஒரு பக்கம் சாய்ந்து, வழிவிட்டு நின்றாள். இரண்டு எட்டில் தளம். பந்து வந்தது. செல்வராணி பிடித்தாள், திரும்பி அவள் தோளைத் தொட்டாள்.

கீழ் டிவிஷன் வானத்துக்குக் குதித்தது. "அவுட்டு! அவுட்டு!"

நானும் அவுட் என்று சொல்லிக் கூடுதல் சுற்றுக்குப் போயிருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் துரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரோக்கியம் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். என் இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது, விறைப்பாக, முஷ்டி மடக்கி. நான் நீட்டவில்லை. கோயமுத்தூரில் பத்து நாள் தினம் நூறு முறை நீட்டவைத்தார்கள், அது தானாகவே போய்விட்டது. அவசரமாக மடக்கித் தலையைச் சொறிந்தேன். வழுக்கைத் தலையில் சொறிவதற்கு என்ன இருக்கிறது?

"எதுக்கு சார் கைய நீட்டுனீய?" தங்கையா மைதானத்துக்குள் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கத்திகளும் வந்தன.

"மறிப்புங்க" என்றேன்.

"யாரு மறிச்சா? தொட்டாளா? இடிச்சாளா? அவளாத்தான ஒதுங்கி நின்னா! பாதைய விட்டு வெளிய போனா அவுட்டுதான?"

துரையும் எழுந்து வந்து, யாரும் யார் மேலும் படவில்லையே என்று மலையாளத்தில் கேட்டார். படவே வேண்டாம் என்றேன். "நேத்து கேட்டப்ப பெரும்பாலும்னியளே?" என்றார் தங்கையா. அந்த ஒரு சொல்லுக்காக என்னை யார் அடித்திருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன்.

தங்கையாவின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் புஷ்பத்திடம் நடந்தேன். எல்லோரும் அதை விசாரணை என்று நினைத்தார்கள். நான் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

"ஏன் கண்ணு ஒதுங்குனே?"

அவள் அழுகிற நிலையில் இருந்தாள். அவளுடைய ஆட்களே அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "தெரியல சார். அக்கா இடுப்புல கையக் குடுத்து எதுத்தாப்புல நின்னாங்களா... குடத்தோட வாராங்கன்னு காலு தானா எறங்கிருச்சு."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு மட்டும்தான் புரியவில்லை. ஆரோக்கியம்தான் சொன்னாள். இரண்டு டிவிஷன் வழியும் சேர்ந்து ஊற்றுக்குப் போகிற தடம் ஓராள் அகலம், ஒரு பக்கம் சரிவு. நிறைகுடத்தோடு ஒருத்தி வந்தால், வெறுங்குடத்தோடு போகிறவள் தடத்தை விட்டு இறங்கி நிற்க வேண்டும். மேல் டிவிஷனோ கீழ் டிவிஷனோ, சண்டைக்காரியோ சம்பந்தியோ, அதில் யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு நடை.

செல்வராணியிடம் திரும்பினேன். "பந்து உங்க கையில இருந்துச்சுங்களா, அவ ஒதுங்கறப்போ?"

இருந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையுறையைக் கழற்றி உள்ளே பார்த்தாள், பதில் அதற்குள் கிடப்பதைப் போல.

"இல்ல சார். வரும்னு நின்னேன். மறிக்கணும்னு நிக்கல."

"தெரியுமுங்க. மறிக்கோணும்னு நின்னாலும் நிக்காட்டியும் புத்தகத்துல ஒண்ணுதானுங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடி சொன்னேன், கொஞ்சம் உரக்க, ஏனென்றால் இரண்டாம் முறை மெதுவாகச் சொன்னால் மூன்றாம் முறை சொல்லத் தைரியம் இருக்காது. "மறிப்பு. ஒதுங்காம இருந்தா அவ வீட்டுத் தளம் போயிருப்பா. ஓட்டம் சேருதுங்க. ஆட்டம் முடிஞ்சது."

மேல் டிவிஷன் புஷ்பத்தைத் தூக்கியது. சற்று முன் திட்டிய அதே கைகள். எனக்கு முன்னால் நின்ற ஆண்கள் நகரவில்லை. ஒருவர் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தார். நான் கண்ணை மூடினேன். கம்பளி எத்தனை மடிப்பு என்று எண்ணினேன், நாலு. கண்ணைத் திறந்தபோது அவர் அதே கத்தியால் வெற்றிலைக் காம்பை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார் பை நம்ம வீட்டுலல்லா கெடக்கு" என்றார் தங்கையா. "வாங்க."

அந்த ஒரு மைல் தூரத்தை நான் எப்படி நடந்தேன் என்று எழுத வேண்டும், ஆனால் ஞாபகமில்லை. பின்னால் மேளம், முன்னால் தங்கையாவின் முதுகு. வழியில் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், நான் கடக்கும்போது சாத்திக்கொண்டன. வீட்டில் அவர் என் பையை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் என் சோப்பும் சீப்பும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. கிளம்பும்போது, "பஸ்ஸுக்கு நேரமாவும். ஜீப்பு ரோட்டுல நிக்கும்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. அவருக்கு என்மேல் கோபமில்லை என்று நினைக்கிறேன். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், ஓடியாவது இருப்பேன்.

ஜீப் ரோட்டுக்குக் குறுக்குவழி ஊற்றுத் தடம். பாதி தூரம் போயிருப்பேன், எதிரே கீழ் டிவிஷன் பெண்கள் வரிசையாக வந்தார்கள், எல்லோர் இடுப்பிலும் நிறைகுடம். நான் இறங்கிச் சரிவில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவள் என்னைப் பார்க்காமல் போனாள். இரண்டாமவள், மூன்றாமவள், அப்படியே. கடைசியில் செல்வராணி. அவள் நின்றாள்.

"நல்லா ஒதுங்குதீய சார்."

"நீங்க பொய் சொல்லலீங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பந்து இல்லேல்லா. இல்லாதத இருக்குன்னா எப்பிடி?" குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். தண்ணீர் தளும்பி அவள் சேலை நனைந்தது. "ஒங்க தீர்ப்பு சரிதான். வீட்டுக்குத் தண்ணி, காலைல விட்டதும் சேத்து, இன்னும் அஞ்சு நட இருக்கு. அதும் சரிதான்."

அப்போது என் வாய், மூன்று நாளாக எனக்கு எதிராகவே வேலை பார்த்த அதே வாய், "குடுங்க, இத நான் கொண்டாறனுங்க" என்றது. மரியாதைக்குச் சொன்னது. யாரும் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னது.

அவள் கொடுத்துவிட்டாள்.

அலுமினியக் குடம்தான். அதற்குள் மலையே இருந்தது. இடுப்பில் வைத்தால் நழுவியது, தோளில் வைத்தால் சட்டைக்குள் ஊற்றியது. கம்பளி பாதித் தண்ணீரைக் குடித்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வழியும் சேருமிடத்தில், மேலேயிருந்து வெறுங்குடத்தோடு இறங்கி எதிரே வந்த இரண்டு மேல் டிவிஷன் பெண்கள் என்னைக் கண்டதும் தடத்தை விட்டு இறங்கி, தலைகுனிந்து, வழிவிட்டார்கள். சிரிக்காமல் அதைச் செய்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

வாசலில் குடத்தை இறக்கினேன். மூச்சு எங்கேயோ தேயிலைக்குள் கிடந்தது. செல்வராணி குனிந்து உள்ளே பார்த்தாள். தங்கையாவும் வந்து பார்த்தார். பாதிக்கும் கீழே இருந்தது.

"இது செல்லாது சார்" என்றாள் செல்வராணி.

நான் தங்கையாவைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, அப்பீலுக்கு இடமில்லை என்பதைப் போல, தலையை ஆட்டினார்.

ரோட்டில் பௌலோஸ் ஹாரன் அடித்தார். விட்டு விட்டு, பிறகு விடாமல். அந்த ஜீப்பை விட்டால் பஸ் இல்லை, பஸ்ஸை விட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, தலைமையாசிரியர் இருக்கிறார். நான் இருந்த தண்ணீரை அவர்கள் பானையில் கொட்டிவிட்டு, வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றைப் பார்த்து ஏறினேன். எதிரே நிறைகுடங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இறங்கி இறங்கி நின்று போக வேண்டியிருந்தது.